புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே பாதுகாப்பான படைத்தொடர்பு: காகிதத்தில் கணக்குப் போடும் முறை

இந்தியக் கடற்படைக்கென்றே ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோள் ஜிசாட்-7. ருக்மிணி என்பது அதன் செல்லப்பெயர். 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் கிளம்பி, கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரிக்கு மேலே போய் நின்றது. 2018 டிசம்பரில் விமானப்படைக்கு ஜிசாட்-7ஏ போனது. 2025 நவம்பர் 2 அன்று, கடற்படைக்காக, 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட்டில் ஏறியது. இவை எந்த இடத்தில் நிற்கின்றன என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பூமியின் மூன்றிலொரு பங்குப் பரப்பிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் தெரியும். தெரிகிற எவரும் அதை நோக்கி டிஷ்ஷைத் திருப்பலாம்.

அப்படியானால் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? பாதி கணக்கிலிருந்து, பாதி தரையில் இருக்கும் பெட்டிகளை எந்த வரிசையில் கோக்கிறோம் என்பதிலிருந்து. சென்னையிலுள்ள ஒரு டெர்மினலிலிருந்து (டிஷ், அனுப்பி, மோடம் சேர்ந்த தரைக்கருவி) 74 டிகிரி கிழக்கிலுள்ள செயற்கைக்கோளுக்கு ஒரு பாதுகாப்பான இணைப்பைத் திட்டமிடுவதாக வைத்துக்கொண்டு, கால்குலேட்டரும் காகிதமும் மட்டும் கொண்டு அதை முழுதாகப் போட்டுப் பார்க்கும் முறை கீழே. செயற்கைக்கோளின் திறன், உணர்திறன் போன்ற எண்கள் பாடப்புத்தக வகை உத்தேச எண்கள். ருக்மிணியின் எண்கள் அல்ல. உங்களிடம் உண்மையான தரவுத்தாள் இருந்தால் எண்ணை மட்டும் மாற்றுங்கள், முறை அதேதான்.

முதலில் கடைசி பிட்டை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் டிஷ் அளவில் தொடங்குவார்கள். அது தலைகீழ். "எல்லாம் கெட்டுப்போன நாளில், குறைந்தபட்சம் எது போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. வீடியோ, படங்கள், வலைப்பின்னல் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 512 கிலோபிட் என்று வைப்போம். இது நல்ல நாளின் தேவை. சுருக்கிய குரல் ஒன்று 2,400 பிட். எழுத்துச் செய்தி மட்டும் என்றால் 75 பிட் போதும்: 160 எழுத்துள்ள ஓர் உத்தரவு 17 நொடியில் போய்விடும்.

75 என்ற எண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் மில்ஸ்டார் செயற்கைக்கோள்களின் தாழ்வேகச் சேவை நொடிக்கு 75 பிட்டிலிருந்து 2,400 பிட் வரைதான். 1994-ல் முதல் மில்ஸ்டார் ஏறியபோது அதைவிட வேகமான மோடம்கள் வீடுகளிலேயே இருந்தன. அவ்வளவு செலவு செய்தும் ஏன் இவ்வளவு மெதுவான வேகம் என்பது ஜாமர் (சத்தம் போட்டு இணைப்பைக் கெடுக்கும் எதிரியின் கருவி) பகுதிக்கு வரும்போது தானாகவே விளங்கும்.

இந்த மூன்று வேகங்களையும் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு கணக்கையும் மூன்றுக்கும் போட வேண்டும்.

அலைவரிசை

யுஎச்எஃப், அதாவது 240 முதல் 320 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம்: மழை தொடாது, மரக்கிளை பெரிதாகத் தடுக்காது, ஆன்டெனாவைத் துல்லியமாகத் திருப்ப வேண்டியதில்லை. கப்பலும் காலாட்படையும் விரும்புவது இதனால்தான். குறை: அலைப்பட்டை மிகக் குறுகல், ஒரு வாய்க்கால் 5 அல்லது 25 கிலோஹெர்ட்ஸ்தான். ஆன்டெனாவின் கற்றை அகலம் என்பதால் எதிரியின் சத்தமும் எளிதாக உள்ளே வரும்.

வந்தும் இருக்கிறது, அதுவும் எதிரி அல்லாதவர்களிடமிருந்து. அமெரிக்கக் கடற்படையின் பழைய ஃப்ளீட்சாட்காம் செயற்கைக்கோள்களை பிரேசிலில் லாரி ஓட்டுநர்களும் காட்டுக்குள் மரம் வெட்டுபவர்களும் அமெச்சூர் ரேடியோவை மாற்றியமைத்துப் பல ஆண்டுகள் அரட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 2009-ல் அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை சோதனை நடத்திப் பலரைப் பிடித்தது. அவர்கள் எந்தச் சங்கேதத்தையும் உடைக்கவில்லை. அந்தச் செயற்கைக்கோள்களிலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி வெறும் கண்ணாடி போல: மேலே எது வந்தாலும் அலைவரிசையை மாற்றி, பெருக்கி, கீழே அனுப்பிவிடும், யார் அனுப்பினார்கள் என்று கேட்காது. செய்தியைக் குறியாக்கம் செய்திருந்தால் ஒட்டுக்கேட்க முடியாது, சரி. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்வதைக் குறியாக்கம் தடுக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இத்துறையில் புதிதாக வருபவர்களின் முதல் பிழை.

கேயூ பேண்ட், மேலே 14, கீழே 12.5 கிகாஹெர்ட்ஸ் அளவில்: அகலமான பட்டை, சிறிய டிஷ், ஆனால் மழை. அதற்கும் மேலே 44 கிகாஹெர்ட்ஸ்: மில்ஸ்டாரும் அதன் வாரிசான ஏஈஎச்எஃப்பும் அப்லிங்க்குக்கு (தரையிலிருந்து மேலே போகும் பாதை) பயன்படுத்துவது. அங்கே 2 கிகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கிறது, ஜாமரைச் சமாளிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நம் ஊர் மழைக்கு அதைவிட மோசமான இடமும் இல்லை. இங்கே கேயூவை எடுத்துக்கொள்வோம்.

டிஷ்ஷைத் திருப்புதல்

சென்னை: வட அட்சரேகை 13.08, கிழக்குத் தீர்க்கரேகை 80.27. செயற்கைக்கோள் 74. வித்தியாசம் 6.27 டிகிரி மேற்கே.

கொசைன்(மையக்கோணம்) = கொசைன்(அட்சரேகை) × கொசைன்(வித்தியாசம்) = 0.9741 × 0.9940 = 0.9682. மையக்கோணம் 14.5 டிகிரி.

டேன்(ஏற்றக்கோணம்) = (0.9682 − 0.1513) ÷ சைன்(மையக்கோணம்) = 0.8169 ÷ 0.2501 = 3.27. ஏற்றக்கோணம் 73 டிகிரி. இதிலுள்ள 0.1513, பூமியின் ஆரமான 6,378 கிலோமீட்டரைச் சுற்றுப்பாதை ஆரமான 42,164-ஆல் வகுத்த எண்.

டேன்(திசை விலகல்) = டேன்(வித்தியாசம்) ÷ சைன்(அட்சரேகை) = 0.1099 ÷ 0.2263. விலகல் 25.9 டிகிரி. செயற்கைக்கோள் நமக்கு மேற்கே என்பதால் நேர் தெற்கான 180-உடன் கூட்டுங்கள்: திசைக்கோணம் 205.9. கிழக்கே இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டுவதா கழிப்பதா என்று மாற்றிப் போட்டுவிட்டு அரைநாள் வானத்தைத் துழாவுவது சகஜம்.

துருவமுனைச் சாய்வு, அதாவது அலை அதிரும் தளத்தோடு பொருந்த ஆன்டெனாவைச் சுழற்றும் கோணம்: டேன்(சாய்வு) = சைன்(வித்தியாசம்) ÷ டேன்(அட்சரேகை). 25 டிகிரி வரும். இதில் 10 டிகிரி பிசகினால் உங்கள் சிக்னல் இழப்பு வெறும் 0.13 டெசிபெல் (டெசிபெல் மடக்கை அளவு: 3 என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு), மீட்டரில் தெரியவே தெரியாது. ஆனால் உங்கள் சக்தி பக்கத்துத் துருவமுனையில் 15 டெசிபெல் மட்டுமே குறைவாகக் கசியும், அங்கிருப்பவருக்கு இரைச்சல். நமக்கு நன்றாகக் கேட்கிறதே என்று விட்டுவிடக் கூடாத இடம் இது.

களத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஆஃப்செட் டிஷ்ஷின் (ஃபீட், அதாவது அலையை வாங்கும் முனை, நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் டிஷ்) முதுகில் கோணமானியை வைத்து 73 பார்க்கக் கூடாது. அதன் ஆஃப்செட் கோணம் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி வரை, கையேட்டில் இருக்கும், அதைக் கழித்த அளவே டிஷ்ஷின் சாய்வு. நடுவில் ஃபீட் உள்ள டிஷ் என்றால் 73 டிகிரியில் அது ஏறக்குறைய மல்லாந்த நிலை. அடியில் வடிகால் துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, மழை விட்ட பிறகும் சிக்னல் வராது. காந்தத் திசைகாட்டி சென்னையில் இரண்டு டிகிரிக்குள்தான் தவறும், ஆனால் இரும்புக் கம்பத்தின் அருகே அது எதையும் காட்டும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

கப்பலுக்கு வேறொரு தலைவலி. மாலத்தீவின் மாலே பக்கம் போனால் 74 டிகிரி செயற்கைக்கோள் 85 டிகிரி ஏற்றத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். திசை, ஏற்றம் என்று இரண்டே அச்சில் சுழலும் ஆன்டெனா அங்கே திணறும்: கப்பல் கொஞ்சம் உருண்டாலும் திசைக்கோணம் நொடியில் பாதி வட்டம் சுற்ற வேண்டியிருக்கும், மோட்டாரால் முடியாது, இணைப்பு அறுந்து அறுந்து வரும். மோடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வட்டாரத்தில் ஓடும் கப்பலுக்கு மூன்றாவது, குறுக்குச் சாய்வு அச்சு உள்ள தாங்கியைத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் தேவை? கற்றை அகலம் = 70 × அலைநீளம் ÷ விட்டம். 12.5 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷுக்கு 1.4 டிகிரி. பிசகால் வரும் இழப்பு = 12 × (பிசகு ÷ கற்றை அகலம்)². 0.3 டிகிரி பிசகு அரை டெசிபெல், 0.7 டிகிரி மூன்று டெசிபெல், அதாவது பாதி சக்தி போச்சு. மீட்டர் உச்சத்தைக் காட்டும் இடத்தில் நிறுத்தாதீர்கள். உச்சத்தின் இரு பக்கமும் ஒரே அளவு குறையும் இடங்களைக் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். உச்சம் தட்டையானது, சரிவுதான் கூர்மையானது.

இணைப்புக் கணக்கு

தூரம் 36,024 கிலோமீட்டர். வெட்டவெளி இழப்பு = 32.4 + 20 × மடக்கை(கிலோமீட்டர்) + 20 × மடக்கை(மெகாஹெர்ட்ஸ்). 14 கிகாஹெர்ட்ஸில் 206.5 டெசிபெல். அப்லிங்க்குக்கு, 1.2 மீட்டர் டிஷ், 8 வாட் அனுப்பி:

அனுப்பி 8 வாட்: +9.0
கேபிள், இணைப்பான் இழப்பு: −0.7
டிஷ்ஷின் பெருக்கம், 60 சதவீதத் திறமையில்: +42.7
ஆக, கதிர்வீசும் திறன்: 51.0 டெசிபெல்-வாட்
வெட்டவெளி இழப்பு: −206.5
திசைப்பிசகு, துருவமுனை, காற்று: −1.0
செயற்கைக்கோளின் ஜி/டி (வாங்கும் உணர்திறன்), உத்தேசம்: +3.0
போல்ட்ஸ்மான் மாறிலி (வெப்ப இரைச்சலுக்குரியது): +228.6
மொத்தம்: 75.1 டெசிபெல்-ஹெர்ட்ஸ்

இதிலிருந்து வேகத்தின் டெசிபெல்லைக் கழித்தால் ஒரு பிட்டுக்குரிய சிக்னல்–இரைச்சல் விகிதம் கிடைக்கும். 512 கிலோபிட் என்பது 57.1, மிச்சம் 18.0. நல்ல பிழைதிருத்தக் குறியீடு உள்ள மோடத்துக்கு 2 டெசிபெல் போதும் என்று வையுங்கள். கையிருப்பு 16 டெசிபெல்.

பதினாறு என்றதும் தாராளம் என்று தோன்றும். ஐப்பசி மழை அதை ஒரே மணி நேரத்தில் தின்றுவிடும். 14 கிகாஹெர்ட்ஸில், மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 டெசிபெல் குடிக்கும். நம் வட்டாரத்தில் மழைத்துளிகள் 5 கிலோமீட்டர் உயரம்வரை திரவமாக இருக்கும் என்று கொண்டால், 73 டிகிரி சாய்வில் 5.2 கிலோமீட்டர் பாதை. முழுப் பாதையிலும் மழை என்றால் 15.6 டெசிபெல். ஏற்றக்கோணம் உயரமாக இருப்பதால் சென்னை தப்பிக்கிறது. இதே இணைப்பு 20 டிகிரி ஏற்றத்தில் இருந்தால் மழைக்குள்ளான பாதை ஏறக்குறைய மூன்று மடங்காக நீளும். எனவே வேகத்தை மழைக்கேற்பத் தானாகக் குறைக்கும் மோடம் அவசியம். சக்தியை மட்டும் தானாகக் கூட்டும் வசதியை நம்பி இருக்காதீர்கள். டிஷ் காற்றில் அசைந்து திசை மாறியதைக்கூட அது சக்தியைக் கூட்டி மறைத்துவிடும். மழை வரும் நாளில் கூட்டுவதற்கு மிச்சம் இருக்காது.

ஜாமர் வந்தால்

இங்கேதான் படைத்தொடர்பு மற்ற தொடர்பிலிருந்து பிரிகிறது. மழைக்குப் புத்தி கிடையாது, எதிரிக்கு உண்டு.

ஜாமர் தாக்குவது பெரும்பாலும் அப்லிங்க்கை. ஒரே இடத்திலிருந்து செயற்கைக்கோளின் காதில் கத்தினால் போதும், கீழே உள்ள எல்லோருக்கும் போய்விடும். அதற்கெதிரான கணக்கை இப்படிப் போடுங்கள். எதிரியிடம் சாதாரண ஒளிபரப்பு நிலையத்தில் இருக்கும் 7 மீட்டர் டிஷ்ஷும் 1 கிலோவாட் அனுப்பியும் இருக்கின்றன: 58 + 30 = 88 டெசிபெல்-வாட். நம்முடையது 51. செயற்கைக்கோளின் ஆன்டெனா இருவரையும் ஒரே மாதிரி கேட்கிறது என்றால், எதிரி நம்மைவிட 37 டெசிபெல் உரக்கக் கத்துகிறார். அதாவது ஐயாயிரம் மடங்கு.

நம் ஆயுதம், சிக்னலை முழுப் பட்டையிலும் பரப்புவது. எந்த நொடியில் எந்த அலைவரிசை என்பதை ரகசியச் சாவி தீர்மானிக்க, சிக்னல் தாவிக்கொண்டே இருக்கும். எதிரி முழுப் பட்டையிலும் சக்தியைச் சிதறடிக்க வேண்டும். கிடைக்கும் ஆதாயம் = பட்டை அகலம் ÷ பிட் வேகம். 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டரில்:

512 கிலோபிட்: ஆதாயம் 18.5. 37-ஐக் கழித்தால் −18.5. தேவை 2. செத்தது.
2,400 பிட்: ஆதாயம் 41.8. மிச்சம் 4.8. பிழைத்தது.

வன்பொருளில் எதையும் மாற்றவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தோம். இப்போது இதையே மழையோடு சேர்த்துப் போடுங்கள், ஏனென்றால் நம் தலைமேல் பெய்யும் மழை நம் சிக்னலை மட்டும்தான் குறைக்கும், எதிரியின் ஊரில் வெயிலடிக்கலாம். 10 டெசிபெல் மழை என்றால் வித்தியாசம் 47. குரல் போய்விட்டது: 41.8 − 47 = −5.2. 75 பிட்டுக்கு ஆதாயம் 56.8, மிச்சம் 9.8. எழுத்து போகும். மில்ஸ்டாரின் 75 எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 44 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும் 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைப் போட்டுப் பாருங்கள்: 2,400 பிட்டுக்கே 59 டெசிபெல் ஆதாயம்.

இரண்டாவது ஆயுதம், எதிரி இருக்கும் திசையில் செயற்கைக்கோளின் காதை அடைத்துவிடுவது. பல கற்றை ஆன்டெனா அந்தத் திசையில் 20 டெசிபெல் பள்ளம் உண்டாக்கினால், 512 கிலோபிட்டின் −18.5 என்பது +1.5 ஆகும். தேவை 2, அரை டெசிபெல்லில் தோல்வி. 256 கிலோபிட்டுக்கு இறங்கினால் 4.5, பிழைக்கும். ஆனால் இந்தப் பள்ளத்துக்கு விலை உண்டு: ஜாமர் நம் கப்பலுக்கு அருகிலேயே இருந்தால் கப்பலும் பள்ளத்துக்குள் போய்விடும். கப்பல் எங்கெங்கே ஓடும் என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் இதை நம்ப வேண்டும்.

இன்னொரு பொறி, பல பாடக்குறிப்புகளில் விடுபடுவது. டிரான்ஸ்பாண்டர் வெறும் பெருக்கி என்றால், ஐயாயிரம் மடங்கு பெரிய ஜாமர் அதன் டவுன்லிங்க் (கீழே வரும் பாதை) சக்தியையும் விழுங்கிவிடும். 50 டெசிபெல்-வாட் திறன் உள்ள டிரான்ஸ்பாண்டரில் நமக்கு மிஞ்சுவது 13. 1.2 மீட்டர் டிஷ்ஷில் இறங்குகணக்கைப் போட்டால், 2,400 பிட் இன்னும் கேட்கும். 512 கிலோபிட் இங்கேயும் போய்விடுகிறது. கையடக்க டெர்மினலில் 2,400-க்கும் உத்தரவாதம் இல்லை. ஜாமரை எதிர்க்கும் செயற்கைக்கோள்கள் மேலேயே தாவலை அவிழ்த்து, பிட்டாக மாற்றி, புதிதாக அனுப்புவது இதனால்தான். அந்த வசதி இல்லாத டிரான்ஸ்பாண்டரை வாடகைக்கு எடுத்துவிட்டு, மோடத்தில் தாவல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது அரைப் பாதுகாப்பு.

கடிகாரம்

தாவல் வேலை செய்ய, அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். செயற்கைக்கோளுக்கு நேர் கீழே தூரம் 35,786 கிலோமீட்டர்; அடிவானத்தில் 41,679. வித்தியாசம் ஒளிக்கு 19.7 மில்லிநொடி. எனவே டெர்மினல் தன் இடத்தையும் செயற்கைக்கோளின் இடத்தையும் அறிந்து, முன்கூட்டியே அனுப்ப வேண்டும். செயற்கைக்கோளும் அசையாமல் நிற்பதில்லை; 0.1 டிகிரி பெட்டிக்குள் என்றாலே இரு பக்கமும் 74 கிலோமீட்டர். பழைய பஞ்சாங்கத் தரவை வைத்திருக்கும் டெர்மினல் தாவலைப் பிடிக்கத் திணறும்.

கடிகாரம் நூறு மில்லியனில் ஒரு பங்கு பிசகினால் ஒரு நாளில் 0.86 மில்லிநொடி. ஒரு தாவல் ஒரு மில்லிநொடி நீளம் என்றால் ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு முழுத் தாவல் தள்ளிப்போச்சு. ஜிபிஎஸ் திருத்திவிடும் என்பீர்கள். ஜாமர் உள்ள இடத்தில் ஜிபிஎஸ்ஸும் போயிருக்கும் என்று கொண்டே திட்டமிடுங்கள்: ஜிபிஎஸ் இல்லாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள், அதற்கேற்ற அடுப்புக் கட்டுப்பாட்டுப் படிக அலைவியையோ (ஒரே சூட்டில் வைத்து நேரம் காக்கும் படிகம்) ருபிடியம் கடிகாரத்தையோ தேர்ந்தெடுங்கள். அடுப்புப் படிகம் சூடேறி நிலைக்க நேரம் பிடிக்கும். டெர்மினலைப் போட்டவுடனே இணைப்பு வரவில்லை என்று அணைத்து அணைத்துப் போடுபவர்கள் அதை ஒருபோதும் நிலைக்க விடுவதில்லை.

குறியாக்கப் பெட்டி எங்கே

செய்தி வெளிப்படையாக இருக்கும் பக்கம் சிவப்பு, குறியாக்கம் ஆன பக்கம் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே குறியாக்கப் பெட்டி. கேபிள்கள் இரண்டும் ஒரே குழாயில் போகக் கூடாது. சிவப்புப் பக்கத்துச் சிக்னல் கறுப்புக் கேபிளில் தூண்டப்பட்டு வெளியே கசியும்.

அடுத்தது தாமதம். புவிநிலை வழியே போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல். 0.55 நொடி என்று கொண்டால், 64 கிலோபைட் சாளரம் (பதில் வரும்வரை அனுப்பி வைக்கக்கூடிய அளவு) உள்ள சாதாரண டிசிபி (இணையத் தரவைக் கொண்டுபோகும் விதிமுறை) இணைப்பு எவ்வளவு அகலமான பாதை கொடுத்தாலும் நொடிக்கு 950 கிலோபிட்டைத் தாண்டாது. இதைச் சரிசெய்யச் செயற்கைக்கோள் மோடங்களுக்குள் டிசிபி முடுக்கி இருக்கும். ஆனால் மோடம் இருப்பது கறுப்புப் பக்கத்தில். அங்கே டிசிபி தலைப்பே குறியாக்கத்துக்குள் மறைந்துவிட்டதால் முடுக்கியால் எதையும் பார்க்க முடியாது, சும்மா இருக்கும். "குறியாக்கம் போட்டதிலிருந்து மெதுவாகிவிட்டது" என்ற புகாரின் மூலகாரணம் பெரும்பாலும் இதுதான். முடுக்கி சிவப்புப் பக்கத்தில், பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

குரலில் வேறு வீக்கம். 8 கிலோபிட் குரல், 20 மில்லிநொடிக்கு 20 பைட். ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். குறியாக்கச் சுரங்கம் இன்னும் 56 பைட் அளவில். 116 பைட், நொடிக்கு ஐம்பது தடவை: 46 கிலோபிட். ஆறு மடங்கு. ஒரே பொட்டலத்தில் மூன்று குரல் துண்டுகளைச் சேர்த்து அனுப்பினால் 21-க்குள் வந்துவிடும். 40 மில்லிநொடி கூடுதல் தாமதம், ஏற்கெனவே அரை நொடி போகிற பாதையில் யாருக்கும் தெரியாது. பெரிய பொட்டலங்கள் குறியாக்கத்துக்குப் பின் 1,500 பைட்டைத் தாண்டி உடையாமலிருக்க டிசிபி துண்டின் உச்ச அளவை 1,360 பக்கம் கட்டிவையுங்கள்.

செய்தியை மறைத்தாலும், எப்போது அதிகம் பேசுகிறோம் என்பது வெளியே தெரியும். தளம் ஒன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குப் போக்குவரத்து திடீரென்று பத்து மடங்கானால், உள்ளடக்கம் தெரியாமலே எதிரிக்குச் செய்தி போய்விட்டது. பேச ஒன்றுமில்லாதபோதும் குப்பை பிட்டுகளை நிரப்பி ஒரே வேகத்தில் அனுப்ப வேண்டும். மோடத்தின் கட்டுப்பாட்டுச் செய்திகளையும் சேர்த்தே மறைக்க வேண்டும். வாடகை கூடும் என்று கணக்குப்பிள்ளை முறைப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

சென்னையிலிருந்து பார்த்தால் 74 டிகிரி செயற்கைக்கோள் வான நடுவரைக்கு 2.3 டிகிரி தெற்கே தெரியும். சூரியன் அந்த இடத்துக்கு மார்ச் 14 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும் வரும். மார்ச்சில் நண்பகல் 12.45 பக்கம், செப்டம்பரில் 12.30 பக்கம். அந்த நாட்களிலும் முன்பின் சில நாட்களிலும் சில நிமிடங்கள் சூரியனின் இரைச்சல் டவுன்லிங்க்கை மூழ்கடிக்கும். இதை ஜாமிங் என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பினால் அசடு வழிய வேண்டிவரும்.

அதே பருவங்களில், சுமார் ஆறு வாரம், செயற்கைக்கோள் தினமும் அதன் நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் போகும்; அதிகபட்சம் 72 நிமிடம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

வயதான செயற்கைக்கோள் என்றால், வடக்கு–தெற்குத் திருத்தத்துக்கான எரிபொருள் தீர்ந்ததும் சுற்றுப்பாதை ஆண்டுக்குச் சுமார் 0.85 டிகிரி சாயும். 1.4 டிகிரி கற்றை உள்ள அசையாத டிஷ்ஷுக்கு இரண்டாம் ஆண்டே சிக்கல்: தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சிக்னல் நலிந்து, மீண்டும் எழும். அந்த ஒழுங்கே அடையாளம். கிழக்கு–மேற்கில் 74 அதிர்ஷ்டசாலி. 75 டிகிரி கிழக்கு, பூமியின் ஈர்ப்பு வடிவத்தால் வந்த நிலையான இடங்கள் இரண்டில் ஒன்று. இன்னொன்று 105 மேற்கு. அங்கே பிரிட்டனின் முதல் படைத்தொடர்புச் செயற்கைக்கோளான ஸ்கைநெட்-1ஏ கிடக்கிறது. 1969-ல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு மேல் நிறுத்தியது. தானாக நகர்ந்திருந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம்தான் வந்திருக்க வேண்டும். எழுபதுகளில் யாரோ கட்டளை கொடுத்து மேற்கே அனுப்பியிருக்கிறார்கள். யார் என்பதற்குப் பதிவு கிடைக்கவில்லை.

தரையைப் பூட்டுங்கள், பிறகு சோதியுங்கள்

2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், ஐரோப்பாவுக்கு இணையச் சேவை தரும் கேஏ-சாட் செயற்கைக்கோள் வலைப்பின்னலின் பல்லாயிரம் மோடங்கள் செத்தன. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. தவறாக அமைக்கப்பட்ட ஒரு விபிஎன் கருவி வழியே நிர்வாக வலைக்குள் நுழைந்து, மோடங்களின் நினைவகத்தை அழிக்கும் கட்டளையை அனுப்பியிருந்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அதோடு போனது. உங்கள் மோடத்துக்கு யார் மென்பொருள் அனுப்பலாம், அது கையொப்பம் சரிபார்க்கிறதா, நிர்வாக வலை இணையத்தோடு எங்கேனும் தொட்டுக்கொள்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சோதனையின் வரிசை: முதலில் அனுப்பியை அணைத்து வைத்து, வழிகாட்டிச் சிக்னலைப் பிடித்து டிஷ்ஷைச் சீராக்குங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை உரிமமும் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்தின் ஒப்புதலும் கைக்கு வந்தபின், மாடுலேஷன் இல்லாத, அதாவது தகவல் எதுவும் ஏற்றாத, அலையை அனுப்பி, எதிர்த் துருவமுனைக் கசிவை அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். பிறகு குறியாக்கம் இல்லாமல் ஒரு தடவை, சோதனைத் தரவை மட்டும் வைத்து, வேகம், பிழைவிகிதம், தாமதம் மூன்றையும் குறியுங்கள். குறியாக்கத்தோடு மறுபடி. இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொட்டல அளவையும் முடுக்கியின் இடத்தையும் பாருங்கள். கடைசியாக, அனுப்பியின் உள்ளீட்டில் 20 டெசிபெல் அட்டனுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் கருவி) செருகி, பிறகு 40: மோடம் தானாக 2,400-க்கு இறங்குகிறதா, அங்கிருந்து 75-க்கு? ஜிபிஎஸ் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு முழு நாள் கழித்து இதையே மறுபடி செய்யுங்கள். சாவி மாறும் நேரம் அந்த ஒரு நாளுக்குள் வரும்படி சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டெர்மினல்கள் தடுக்கி விழுவது அந்த நிமிடத்தில்தான்.